கிண்ணத்தில் ஜான்பீட்டர்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் ஜான்பீட்டருக்குத் தெரிந்தது அவருடைய இமை முடிதான்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க," என்றார் டாக்டர் சத்யப்ரியா.

கிட்டப் போனார். கண்ணாடிக் கிண்ணத்தின் வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் கல்லில் ஊற்றிய தோசை மாவு போல எதுவோ பரவிக் கிடந்தது. பரவிக் கிடந்தது துடித்தது.

"உங்க ஹார்ட்டுதான்." பிரசவ வார்டில் குழந்தையைக் காட்டும் நர்ஸின் குரல்.

ஜான்பீட்டர் யாருக்கும் தெரியாமல் சட்டைப்பை மேல் கை வைத்துப் பார்த்தார். நெஞ்சுக்குள் ஒரு தாளம், கிண்ணத்துக்குள் வேறு தாளம். கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அந்த ஏசி அறையிலும் வியர்த்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அது அவருடைய இதயமே இல்லை.

ஒன்பது மாதத்துக்கு முன் ஒருநாள் கம்பெனியில், தகடு அடிக்கும் பவர் பிரஸ் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். ஓசூரில் ஈசிஜி எடுத்தவர்கள் துடிப்பில் கோளாறு என்று சொல்லி, ஜூஜுவாடி தாண்டி இருக்கும் இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இங்கே நோயாளியின் ரத்தத்திலிருந்து செல்லை எடுத்து, அதைப் பின்னோக்கி நடத்தி, இன்னும் எதுவாகவும் ஆகாத ஸ்டெம் செல்லாக மாற்றுவார்களாம். பிறகு அதையே இதயமாக வளர்த்து, நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம்.

எல்லாம் சரி. ரத்தம் எடுக்க ஊசி குத்த வேண்டும் என்பதுதான் சிக்கல். ஐம்பது டன் பிரஸ்ஸோடு பதினான்கு வருடம் மல்லுக்கட்டிய ஜான்பீட்டர், ஊசியைக் கண்டால் வாசல் பக்கம் ஓடிவிடுவார்.

அவருடைய கம்பெனியில் இந்த மாதிரிச் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. ஒருவர் வரத் தாமதமானால் இன்னொருவர் அவருடைய கார்டையும் சேர்த்து பஞ்ச் அடித்துவிடுவார். பக்கத்து மெஷின் கமலக்கண்ணன் அவருக்காக எத்தனையோ முறை பஞ்ச் அடித்தவன். அன்றைக்கும் அவருடைய ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு போய் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். ஆதார் படத்தைப் பார்த்து இந்த நாட்டில் யாரும் யாரையும் அடையாளம் கண்டதில்லை.

அதோடு விட்டானா? செல் துடிக்க ஆரம்பித்துவிட்டது என்று லேபிலிருந்து போன் வந்த அன்று, கேண்டீனில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம் வெட்கப்பட்டான்.

"நம்ம பையன் எப்டிக்கீறான்ணா?" என்று தினமும் விசாரிப்பான்.

இருபத்தெட்டு வயது கல்லாவி ஊர்க்காரன். தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லை. ஜான்பீட்டருக்கு லைட் டூட்டி போட்டு, ஸ்டோரில் கையுறை கொடுக்க உட்கார வைத்த பிறகு, அவர் தூக்க வேண்டிய பாரத்தையும் சேர்த்து அவன்தான் தூக்கினான். வண்டி ஓட்டக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. இன்றைக்கும் அவன்தான் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தான்.

அப்படிப்பட்டவனுடைய இதயம் கிண்ணத்தில் எப்படித் துடிக்கும்? ஒழுங்காகத்தான் துடிக்கும். நோய் எங்கே போனது என்று டாக்டர் கேட்பார். மாதா சுகம் கொடுத்துவிட்டாள் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஜான்பீட்டர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. திடீரென்று படுத்துக்கொண்டது. பிறகு கண்டபடி உதறியது.

"இங்க பாருங்க, நிக்குது. அதே கோளாறு. சொல்லப்போனா உங்க ஈசிஜில தெரிஞ்சதவிட இது ரொம்ப மோசம்."

ஜான்பீட்டருக்கு மூச்சு வந்தது. மாட்டிக்கொள்ளவில்லை! மாதாவுக்கு மனசுக்குள் ஒரு டஜன் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

"எப்ப வேணா நின்னுடலாம். இன்னிக்கே அட்மிட் ஆகணும். பாரம் மட்டும் தூக்கவே கூடாது."

"நான் எங்க மேடம் தூக்கறேன்? லைட் டூட்டிதான்," என்று சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். இரண்டு மாடிக்குக் கீழே ஒரு மினி லாரி வந்து நின்றிருந்தது. கேஸ் சிலிண்டர்களை இறக்க இரண்டு பேர் திணறிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாத கமலக்கண்ணன், பைக்கிலிருந்து இறங்கி ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றியிருந்தான்.

சொன்னால் லைட் டூட்டி போகும். விஷயம் கம்பெனிக்குப் போனால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அந்த நேரத்திலும் ஜான்பீட்டர் இதையெல்லாம் யோசிக்கத்தான் செய்தார். அதற்காகப் பின்னால் ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

பிறகு இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தார். அது திறக்க முடியாத ஜன்னல். "டேய், கீழ வைடா! வச்சுடுடா!" என்று கத்தினார். கத்தல் அறைக்குள்ளேயே சுற்றியது.

டாக்டர் பதறி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "யாரு அவரு?"

ஜான்பீட்டர் கீழே நின்றவனைக் காட்டினார். அதே விரலால் மைக்ராஸ்கோப்பில் இருந்த கிண்ணத்தைக் காட்டினார்.

"அவன்தாங்க மேடம் இது."

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு ஓடினார்.

தட்டும் சத்தம் கேட்டுக் கமலக்கண்ணன் மேலே பார்த்தான். நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டான். சிலிண்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பிறகு லாரியைக் காட்டினான். இன்னும் ஒன்றுதான் பாக்கி, அதையும் இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சைகை செய்தான்.