ஐந்து விநாடி மௌனம்

டிரம்மர் ஹெக்டரின் சோலோ என்றால் பெரம்பூர் பாக்கியநாதனுக்கு உயிர். அதனால் பேஸ்மேக்கர் பொருத்தியபோது, இதயம் துடிக்க வேண்டிய தாளமாக அவரது பதினோரு நிமிட சோலோவையே தேர்ந்தெடுத்தார்.

வீடு திரும்பிய மாலை அதை ஓடவிட்டார். ஹெக்டர் ரசிகர் மன்றமே திரண்டு வந்து, அவர் மார்பில் ஒட்டிய ஸ்பீக்கரில் கேட்டது. எட்டாம் நிமிடத்தில் ஹெக்டர் குச்சிகளை உயர்த்தி ஐந்து விநாடி அப்படியே நிற்பார். அந்த மௌனத்தில்தான் ரசிகர்கள் கிறங்குவார்கள்.

அன்றும் கண்மூடிக் கிறங்கினார்கள். பாக்கியநாதன் சோபாவில் சரிந்தார்.

“ஐயோ, தட்டுங்க! நல்லாத் தட்டுங்க!” என்று அவர் நெஞ்சைக் காட்டி அலறினாள் மனைவி ரெஜினா.

மன்றம் கைதட்டியது.

ஆறாம் விநாடியில் இதயம் அதிர, அவர் கண்விழித்தார். “எப்பிடி இருந்துச்சு?”

“ஒன்ஸ் மோர்!”

சோலோ முடிந்து முதலிலிருந்து ஓடி, அந்த இடம் மறுபடி வரப் பதினோரு நிமிடமே இருந்தது. ரெஜினா ஆம்புலன்ஸை அழைத்தாள். மன்றம் நாற்காலிகளை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டது.