திரும்பும்போது பத்து

அந்த ஊர் எழுத்து எனக்குப் படிக்க வராது. அத்தான் சொல்லிக்கொடுத்தபடி விரல் விட்டு எண்ணித்தான் ரயிலில் போய்வந்தேன். வீட்டிலிருந்து அக்கா இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது ஸ்டேஷன். திரும்பும்போது பத்து.

"போன வழியிலதானே வர்றே, அதெப்படி பத்தாகும்? அசதியில தப்பா எண்ணியிருப்பே" என்றார் அத்தான்.

தப்பாக எண்ணவில்லை. ஐந்தாவது ஸ்டேஷன் தாண்டியதும் ரயில் ஒருமுறை நிற்கும். கதவு திறக்கும். யாரும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. பிளாட்பாரத்தில் ஒரு பச்சை பெஞ்சு. திங்கட்கிழமை அதில் அக்கா ஆஸ்பத்திரி உடுப்போடு மல்லாந்து படுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். புதன்கிழமை எழுந்து உட்கார்ந்து, காலால் துழாவிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை அவளுடைய புதுச் செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன். ஆஸ்பத்திரியில் அக்கா பன்னிரண்டாவது நாளாகக் கண் திறக்காமல்தான் கிடந்தாள். சாயங்காலம் திரும்பும் வழியில் அந்தக் கதவு திறந்ததும், பையை எட்டிப் பிளாட்பாரத்தில் வைத்தேன்.

விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தான் போன் செய்தார். "அக்கா முழிச்சுட்டா. உன்னைத்தான் கேக்குறா."

ஒன்பது ஸ்டேஷனையும் நின்றுகொண்டே போனேன். கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு இருந்தது. ஒரே ராத்திரியில் குதிகால் தேய்ந்து, புழுதி அப்பியிருந்தது.

அக்கா என்னை முறைத்தாள். "செருப்பை வெச்சியே, ரயில்ல ஏறுன்னு ஒரு வார்த்தை சொன்னியாடி? அவ்வளவு தூரமும் நடந்தே வந்தேன்."