பறக்கும் நேரம்

துரைக்கண்ணு எடுக்கும் படங்களில் பறவைகள் எப்போதும் பறந்துகொண்டுதான் இருக்கும். அதுவும் ஒன்றிரண்டு அல்ல, ஏரியே எழுந்து பறப்பதுபோல. கூடுகளில் குஞ்சு இருக்கும் மாதத்தில் நாரைகள் அப்படி மொத்தமாக எழாது என்பது மெர்லினுக்குத் தெரியும். அதனால்தான் அன்று காலை தானும் படம் எடுக்க வருவதாகச் சொல்லி, கரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, நாரைகளை விட்டுவிட்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பக்கம் எறும்பு இருக்கிறது, பார்த்து உட்காருங்கள் என்றார். சந்தேகப்பட்டதற்கு அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

“ரெடியா இருங்க மேடம், இப்பப் பறக்கும்.”

“அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?”

அவருடைய இரண்டு கைகளும் கேமராவில்தான் இருந்தன. அப்போது எதிர்க்கரையில் ஏதோ வெடித்தது. அத்தனை நாரைகளும் ஒன்றாக எழுந்தன. மெர்லின் தன்னை அறியாமலே கேமராவைத் தூக்கி அழுத்திக்கொண்டே இருந்தாள். சத்தம் அடங்கியபோது, காவலில்லாத கூடுகளில் காகங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

“நல்லா வந்துச்சா?” என்று கேட்டார்.

அவள் திரையைப் பார்த்தாள். இதுவரை அவள் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

“இல்லைங்க, வரலை,” என்றாள்.

“பரவால்ல மேடம், இன்னொரு தடவை பறக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்து யாருடைய எண்ணையோ தேடினார். அதைக் காதில் வைக்கும்வரை, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.