நீலப் பெட்டி

சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவுசெய்து வசுமதி பரணில் தேடியபோது, கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த நீலப் பெட்டி அங்கே இல்லை. கூடத்து மேஜையில் திறந்து கிடந்தது. கணவன் இளவழகன் அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே பொருத்தியிருந்தான். சூடு தணிய, கண்ணாடி போன்ற குழாய்களில் தண்ணீர் ஓடியது. மூடியில் அப்பா பெயின்டால் எழுதிய அவள் பெயரில் பாதியை ஒரு விசிறி மறைத்திருந்தது.

“உன் பெட்டிதான் கச்சிதமா இருந்துச்சு. இனிமே எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம், பாரு.”

அவன் எங்கும் போகிறவனில்லை. அவளைப் போக விடுகிறவனுமில்லை. பெட்டியில் வைக்க எடுத்திருந்த புடவைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதே தண்ணீர் மேலே ஏறியது, வளைந்தது, இறங்கியது, மறுபடி ஏறியது.

“இந்தத் தண்ணி எப்பங்க வெளிய வரும்?”

“வரவே கூடாது. வந்தா எல்லாம் போச்சு.” சிரித்தபடி அடியிலிருந்த சின்னத் திருகைக் காட்டினான். “மாத்தணும்னா, ஆஃப் பண்ணிட்டு இதைத் திறக்கணும். நீ கை வெச்சிடாத.”

காபி போடச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். வசுமதி புடவைகளை நாற்காலியில் வைத்தாள். திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமென்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டே பக்கம்தானே இருக்கிறது.