ஜெர்மனி பிளேடு

“போடா வெளியே! இனிமே என் பட்டறைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!”

பட்டறை முதலாளி ஒடுரோ போட்ட சத்தத்தில் கானாவின் குமாசி மரச்சந்தையே ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தது. அவர் வீசிய வட்ட ரம்ப பிளேடு பறந்துபோய் வாசலில் கிடந்த மரத்தூள் குவியலில் சொருகிக்கொண்டது.

அத்திங்கா செய்த குற்றம் அப்படி. எட்டு வருடமாக அங்கே பிளேடு மாட்டிக் கழற்றுகிறவன், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் பெடியாக்கோவின் காதுபட வாயை விட்டுவிட்டான்.

“பல்லு மழுங்கல முதலாளி. தேக்குப் பிசின்தான் அப்பிக் கெடக்கு. வெந்நீர்ல சோடாவப் போட்டு ஊற வச்சுத் தேய்ச்சா, புதுசு கணக்கா அறுக்கும்” என்றான். அவ்வளவுதான்.

பெடியாக்கோ முந்நூறு பெஞ்சுக்கு ஆர்டர் கொடுக்க வந்திருந்தார். அவர் முன்னால் அறுத்துக் காட்டிய பலகையோ குபுகுபுவென்று புகைந்து, ஓரமெல்லாம் கருகிப்போயிருந்தது. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் மாதக் கடைசியில் கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான். ஒன்பது பேருடைய பிழைப்பு அதில் இருந்தது.

“கழுவின பிளேடா?” பெடியாக்கோ முகத்தைச் சுளித்தார். “கழுவிக் கழுவி வச்சுக்க இதென்ன சமையல் சட்டியா? எனக்கு எதுவா இருந்தாலும் ஃபாரின்லேருந்து வந்ததா இருக்கணும், மிஸ்டர். புத்தம் புதுசா இருக்கணும்.”

சொன்னவர் போட்டிருந்த கோட்டை ஏதோ ஒரு வெள்ளைக்காரர் நாலு வருடம் போட்டுச் சலித்து, மூட்டையோடு கப்பலேற்றி அனுப்பியிருந்தார். அதை அவரிடம் யார் சொல்வது?

“என் கொள்கையும் அதேதான் ஐயா! அழுக்காச்சுன்னா தூக்கி எறிஞ்சிடணும்” என்றார் ஒடுரோ. “டூஃபியே, ஓடு! கெஜெட்டியா சந்தையில போய் ஜெர்மனி பிளேடு ஒண்ணு வாங்கிட்டு வா.”

ஒடுரோவின் மனைவி டூஃபியே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அத்திங்கா மட்டும் போகாமல் நின்றுகொண்டிருந்தான்.

“வேலைதான் போச்சு முதலாளி. அந்தப் பழைய பிளேடையாவது குடுங்க. கோழிக் கூண்டுக்கு மூடியா வச்சுக்கறேன்.”

ஒடுரோ அவனை ஒரு கணம் முறைத்தார். “எடுத்துக்கிட்டுத் தொலை!”

அவன் பிளேடைச் சாக்கில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைகுனிந்து நடந்தான். எட்டு வருடம் கூடவே வேலை பார்த்தவர்கள் மும்முரமாகப் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெடியாக்கோவுக்குப் பரம திருப்தி.

“சபாஷ்! நிர்வாகம்னா இப்படிக் கறாரா இருக்கணும்.”

இரண்டு மணி நேரம் போனது. எதிர்க் கொட்டகைக்காரன், “ஐயா, இங்க வாங்க, என் மெஷின் சும்மாதான் நிக்குது!” என்று குரல் கொடுக்க, பெடியாக்கோ இரண்டு தடவை எழுந்துவிட்டார். இரண்டு தடவையும் ஒடுரோ சுட்ட வாழைப்பழமும் வேர்க்கடலையும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். பாவம், மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

ஒருவழியாக டூஃபியே வந்து சேர்ந்தாள். பழுப்புக் காகிதத்தைப் பிரித்ததும் பிளேடு பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. லேசாக மண்ணெண்ணெய் நெடி அடித்தது.

பெடியாக்கோ அதைக் கையில் வாங்கி, கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தார்.

“ஆகா! கப்பல்ல வந்த வாசனை! நம்ம ஊர்ச் சரக்குல இது வருமா?”

“வரவே வராதுங்க ஐயா” என்றாள் டூஃபியே.

பிளேடை மாட்டி ஓட்டினார்கள். தேக்குப் பலகையை வாழைக்காய் மாதிரி சீவிக்கொண்டு போனது. துளிப் புகை இல்லை, கருகல் இல்லை. பெடியாக்கோ அறுத்த ஓரத்தைக் கன்னத்தில் வைத்தே பார்த்துவிட்டார்.

“இதுதான்யா இரும்பு! அந்தப் பய பேச்சைக் கேட்டிருந்தா என் பள்ளிக்கூட மானமே போயிருக்கும்” என்றவர், முந்நூறு பெஞ்சுக்கும் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பும்வரை ஒடுரோ சிரித்த முகமாகக் கையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு விறுவிறுவென்று கொட்டகைக்குப் பின்பக்கம் போனார். அங்கே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, அத்திங்கா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏண்டா, ஒரு பிளேடைக் கழுவ ரெண்டு மணி நேரமா?”