ஸ்மேக்குக்கு என்ன தமிழ்?

"எப்பா, லத்தியால முதுகுல ஒண்ணு போட்டா என்ன சத்தம் வரும்?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பரமசிவன் நிமிர்ந்தார். தென்காசி வட்டாரத்தில் முப்பது வருடம் போலீஸில் இருந்து, ஏட்டாக ஓய்வு பெற்றவர்.

"எதுக்குட்டி கேக்க? யாரைப் போடப்போற?"

மகள் முத்துசெல்வி ஒரு ஆங்கிலப் படக்கதையை நீட்டினாள். அவள் தமிழாக்கும் முதல் புத்தகம்.

"ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை வச்சிருக்கான் இங்கிலீஷ்காரன். நான் எல்லாத்துக்கும் 'டமால்'னு போட்டுட்டேன். பதிப்பாளர் திருப்பி அனுப்பிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்திருவாராம்."

பரமசிவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். வழக்கம்போல மகளுக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு."

"'வேக்'. கம்பால அடிக்கான்."

"காஞ்ச கம்புன்னா 'சடீர்'. மழையில நனைஞ்சிருந்தா 'சொத்'துன்னுதான் கேக்கும்."

"வெயில்தான் அடிக்குது படத்துல. சரி, 'தட்'? முதுகுல கனமா விழுது."

"குற்றாலத்துல மெயினருவிக்குள்ள நின்னா விழுதுல்லா, 'தொம்மு தொம்மு'ன்னு? அதான்."

"நீங்க அகராதியே போடலாம் போலிருக்கே!"

"கேஸ் கட்டுல 'தாக்கினார்'னு ஒரே வார்த்தைதான்ட்டி. சத்தத்தை எவன் எழுதினான்?"

கடைசிப் பக்கம். கீழே ஒரு ஜாடி உடைந்து கிடக்கிறது. ஒரு தகப்பன் தன் சின்ன மகளை அறைகிறான். மேலே கொட்டை எழுத்தில் 'ஸ்மேக்'.

பரமசிவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு 'பட்'டுன்னு போடு. போதும்."

"ரொம்பச் சின்னதா இருக்கே."

"சின்னப் பிள்ளைதானே. மெதுவாத்தான் அடிச்சிருப்பான்."

"இல்லப்பா. இது 'பளார்'."

பரமசிவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவள் நிதானமாக அதைத் தட்டச்சு செய்து, பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டுக் கணினியை மூடினாள்.

அவர் எழுந்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய இடப்பக்கம் வந்து நின்றார். குனிந்து, காதோரம் ஏதோ முணுமுணுத்தார்.

மூச்சுக்காற்று பட்டுத் திரும்பிய முத்துசெல்வி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் அந்தப் பக்கம் வந்து சொல்லுங்கப்பா. இந்தக் காது கடைசியாக் கேட்டது, நீங்க அடிச்ச அந்தப் 'பளார்'தான்."