விரலகலம்

அப்பாவின் பாதத்தில் சர்க்கரைப் புண். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்மா பேனாவிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு சுடர் வரும். தோலைச் சுடாது, கிருமியைக் கொல்லும். தினமும் மூன்று நிமிஷம், விரலகலத்தில் பிடிக்கச் சொன்னார் நர்ஸ். நான் ஒரு முழம் தள்ளிப் பிடிப்பேன். அவ்வளவு தூரம் சுடர் எட்டாது. தெரிந்தேதான் செய்தேன்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பாவால் குனிய முடியாது. புதன்கிழமை அதைக்கூடச் செய்யாமல் வேலைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. பேனாவின் சின்னத் திரை பதின்மூன்று முறை என்றது. நான் போட்டது பன்னிரண்டு.

"இனிமே காலை எடுக்க வேண்டியிருக்காது," என்றார் நர்ஸ். "அப்பாவை நல்லா பாத்துக்கிறீங்க."

நான் தலையாட்டினேன்.

மறுநாள் பேனாவோடு அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"உனக்கு நேரமாச்சு, கிளம்புப்பா. அவன் வந்து போட்டுவிடுவான்."

"யாருப்பா?"



"அச்சு அசல் நீதான்டா. ஆனா அவன் மூக்கைப் பொத்திக்கிறதில்ல."